வலிப்பு உள்ளவர் கண்ணில் தெரிவது என்ன?

வலிப்பு என்றதும் நம் மனத்தில் வருவது கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளித் தரையில் விழும் ஆள்தான். அப்படி எதுவுமே நடக்காமல் கண்ணில் மட்டும் வந்து போகிற வலிப்பும் உண்டு. பார்வையின் ஒரு பக்கத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் பொட்டுகளோ வட்டங்களோ முளைக்கும், பெருகும், நகரும். பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் இரண்டு மூன்று நிமிடங்களில் மறைந்துவிடும். சிலருக்கு அந்த நேரம் பார்வையே இருண்டுபோகும். மூளையின் பின்பகுதியில், பார்வையைக் கவனிக்கும் இடத்தில் மின்னோட்டம் தாறுமாறாவதால் வருவது இது. கண்ணில் ஒரு பழுதும் இருக்காது. அதனால்தான் கண்ணாடிக் கடையில் சோதித்தால் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் கண்ணில் ஏதேதோ தெரியும். ஆனால் அது பெரும்பாலும் நிறமற்ற கோணல்மாணல் கோடுகளாக வந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லப் பரவும்; ஒரு மணி நேரம் வரைகூட நிற்கும். கண்ணில் வரும் வலிப்புக்குப் பிறகும் தலைவலியும் வாந்தியும் வருவதால், பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு வருடக்கணக்கில் தலைவலி மாத்திரையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளையிடம் வண்ணப் பென்சிலைக் கொடுத்து, தெரிந்ததை வரையச் சொல்லுங்கள். எந்த நிறம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். வலப்பக்கம் தெரிந்தால் கோளாறு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கலாம். விலை உயர்ந்த ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே மருத்துவருக்கு இந்தத் தாள் பாதி வழியைக் காட்டிவிடும்.

நம் வீடுகளில் இதைச் ‘சாமி காட்டுது’ என்றும், ‘காத்துக் கருப்பு’ என்றும் சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. அந்தக் கடிதத்தோடு ரெசிடென்சி சாலையில் உள்ள பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியின் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. நரம்பியல், கண் இரண்டு பிரிவுகளும் அங்கே உண்டு.

கண் வழியாகவே வலிப்பைத் தூண்டும் ஒளியும் இருக்கிறது. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 மாலை, போக்கிமோன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த 685 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிற வழி நெடுகிலும் உள்ள தண்ணீர்ப் பந்தல்களை நினைத்துப் பாருங்கள். பாட்டுக்கு ஏற்றபடி வெட்டி வெட்டி மின்னும் விளக்குகளைச் சில பந்தல்களில் கட்டியிருப்பார்கள். நொடிக்கு 15 முதல் 25 முறை மின்னும் ஒளிதான் அதிகம் படுத்தும். அதற்காக வலிப்பு உள்ள எல்லோரும் பயந்து வீட்டில் உட்கார வேண்டியதில்லை. ஒளி தூண்டுவது நூற்றில் மூன்று பேரை மட்டும்தான். யார் அந்த மூவர் என்பதை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போது விளக்கை மின்னவிட்டே கண்டுபிடிப்பார்கள். அப்படிப்பட்டவர் மின்னும் ஒளியில் சிக்கிக்கொண்டால் கண்ணை மூடிப் பயனில்லை. இமை வழியாகச் சிவப்பு ஒளி உள்ளே போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும்.

திருவிழாவில் விளக்கைவிட அதிகம் கவிழ்ப்பது இரவு விழிப்பும் விரதத்தில் விட்டுப்போகும் மாத்திரையும்தான். காவடி எடுக்கிறவர் மாத்திரை நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். யாராவது விழுந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இழுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999-ஐ அழையுங்கள். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம்.

இனி மாத்திரைகள். என் பார்வையில் இங்கேதான் கவனம் மிகக் குறைவு. கார்பமாசெபின், லாமோட்ரிஜின், ஃபெனிட்டாய்ன் போன்றவை அளவு கூடினால் பொருள்களை இரண்டிரண்டாகக் காட்டும். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் வந்து, பிறகு தெளிந்தால் பெரும்பாலும் அதுதான். அளவை மாற்றினால் சரியாகிவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டோபிராமேட் தொடங்கிய முதல் மாதத்துக்குள் இரண்டு கண்ணும் திடீரென மங்கி வலித்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். எந்த மாத்திரை என்பதை அங்கே சொல்வது முக்கியம், ஏனென்றால் அந்த மாத்திரையை நிறுத்துவதே சிகிச்சையின் முதல் படி. கார்பமாசெபினில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தொடங்கிய சில வாரங்களில் தோல் தடித்து, வாய் புண்ணாகி, கண் சிவந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். கருவிழியில் தழும்பு விழுந்து பார்வையே போகலாம். ஆசிய வம்சாவளியினரிடம் காணப்படும் எச்.எல்.ஏ.-பி 1502 மரபணு இதன் அபாயத்தைக் கூட்டுகிறது. மாத்திரை தொடங்கும் முன்பே இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

விகாபாட்ரின் என்ற மருந்துதான் இருப்பதிலேயே சூது. அதைச் சாப்பிடும் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பார்வையின் ஓரங்கள் சுருங்குகின்றன, சுருங்கியது திரும்பாது. நடுப்பார்வை நன்றாக இருப்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். அஞ்சடியில் நடக்கும்போது தூணில் இடிப்பார், பக்கத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிளில் முட்டுவார். வீட்டில் கவனக்குறைவு என்று திட்டு விழும். சிலருக்கு வேறு மருந்து எடுபடாது என்பதால் இது தேவைப்படவே செய்கிறது, குறிப்பாகக் கைக்குழந்தைகளின் ஒருவகை வலிப்புக்கு. ஆனால் தொடங்கும்போதும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் பார்வைப் புலப் பரிசோதனை நடக்க வேண்டும். கவுன்ட்டரில் ‘உஜியான் மெடான் பெங்லிஹாத்தான்’ என்று கேளுங்கள்.

‘இதையெல்லாம் டாக்டர் சொல்லவே இல்லையே’ என்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் விட்டேக்கர் என்ற பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. அந்தக் கண்ணில் அறுவை செய்யப்போய், நன்றாக இருந்த மற்றக் கண்ணும் போனது. அந்த அபாயம் 14,000-இல் ஒன்று; மருத்துவர் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. விட்டேக்கரோ நல்ல கண்ணைப் பற்றித்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். சொல்லியிருக்க வேண்டும் என்று 1992-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கூட்டரசு நீதிமன்றம் ஃபூ ஃபியோ நா வழக்கில் 2006 டிசம்பரில் அதே அளவுகோலை ஏற்றது. 2017-இல் மீண்டும் உறுதி செய்தது. அபாயத்தைச் சொல்லும் கடமையில், மற்ற மருத்துவர்களும் சொல்ல மாட்டார்கள் என்பது சாக்காகாது. நோயாளி எதை முக்கியமாகக் கருதுவார் என்பதே கேள்வி. ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள்: “இந்த மருந்து என் கண்ணை என்ன செய்யும்?” கேள்வியும் பதிலும் மருத்துவக் குறிப்பில் ஏறட்டும்.

வேலை விஷயத்தில் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலையில் சம உரிமை உண்டு என்கிறது, மீறினால் தண்டனை என்ன என்று சொல்லவில்லை. வலிப்புக்கென்று மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டையில் தனிப் பிரிவும் கிடையாது. ஆனால் மருந்தாலோ அறுவையாலோ பார்வைப் புலம் 20 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தால், குறைபார்வைப் பிரிவில் சமூக நல இலாகாவில் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். மீதமுள்ள பார்வையைப் பயன்படுத்தப் பழக்க, பினாங்கிலேயே செயின்ட் நிக்கோலஸ் இல்லம் இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவதே பெரிய எதிரி. பகல் ஷிப்ட் கேட்டு மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம்; உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். நோயைச் சொல்லி வேலையை விட்டே அனுப்பிவிட்டால், 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு சாத்திவிடும். சமாதானம் பேசிக்கொண்டே இந்த நாட்களைக் கோட்டைவிடுகிறவர்கள்தாம் அதிகம்.

வாகனம் ஓட்டும் லைசென்ஸ் விண்ணப்பத்தில் நோயை மறைப்பது வேறு கதை. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 30-ஆம் பிரிவு, நோய் பற்றிய உறுதிமொழி கேட்கிறது. கல்யாணப் பேச்சில் மறைப்பதுபோல் இதையும் மறைக்கிறோம். கண்ணில் வட்டம் தெரியும் அந்த ஒரு நிமிடம் பினாங்குப் பாலத்தின் நடுவில் வந்தால் சாவது நாம் மட்டுமல்ல.

பக்கவிளைவு வந்தால் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வுக்கு நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்; மருத்துவரின் அனுமதி தேவையில்லை. வழிகாட்ட ஆள் வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் புகார்களைக் கேட்கிறது. வழக்கு என்று போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரசு மருத்துவமனை மீது என்றால் 36 மாதங்களுக்குள், தனியார் மீது என்றால் ஆறு ஆண்டுகளுக்குள் தொடர்ந்தாக வேண்டும். மருத்துவ அறிக்கையை இப்போதே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.