ஒரு நாளில் நான்கு குன்றுகள்: ஆக்லாந்தின் மூதாதை மலைகளில் நடைபயணம்

ஆக்லாந்து நகரம் ஏறத்தாழ ஐம்பது சிறு எரிமலைகளின் மீதும் அவற்றின் இடையிலும் அமைந்துள்ளது. மவுண்ட் ரொஸ்கில், சான்ட்ரிங்கம், த்ரீ கிங்ஸ் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீடுகளிலிருந்து குறைந்தது ஒரு குன்றேனும் கண்ணுக்குத் தெரியும். ஆயினும், பல ஆண்டுகளாக இங்கு வாழ்ந்தும் அவற்றுள் ஒன்றிலேனும் ஏறாதவர்கள் உள்ளனர். பாதை தெரியாமை, கட்டணம் உண்டோ என்ற ஐயம், எரிமலை என்ற சொல் தரும் அச்சம் என இதற்குக் காரணங்கள் பல. அந்த ஐயங்களை நீக்கி, நான்கு குன்றுகளை ஒரே நாளில் கண்டுவரும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

இவை யாருடைய மலைகள்?

மாவோரி மொழியில் மலை ‘மௌங்கா’ எனப்படும். இம்மலைகளைத் ‘தூப்புனா மௌங்கா’, அதாவது மூதாதை மலைகள், என மாவோரி மக்கள் அழைக்கின்றனர். ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவற்றின் சரிவுகளைப் படிப்படியாக வெட்டிச் சமப்படுத்தி, அரண் சூழ்ந்த ஊர்களை அவர்கள் அமைத்திருந்தனர். சரிவுகளில் இன்றும் காணப்படும் படித்தளங்கள் அக்குடியிருப்புகளின் எச்சங்களே. ஆங்காங்கே தெரியும் பள்ளங்களுட் பல, குமாரா எனப்படும் வற்றாளைக் கிழங்கைச் சேமித்த குழிகளாகும்.

2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 மலைகளின் உரிமை 13 மாவோரிக் குலக்குழுக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அக்குழுக்களின் பிரதிநிதிகளும் ஆக்லாந்து மாநகர சபையின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்துள்ள அதிகார சபை ஒன்று அவற்றை நிருவகிக்கிறது. உரிமையைத் திரும்பப் பெற்ற மக்கள், மலைகளை நகரத்தார் அனைவருக்கும் திறந்தே வைத்துள்ளனர். நுழைவுக் கட்டணமோ முன்பதிவோ இல்லை. ஆதலின் இங்கு வருவோர் ஒரு பொதுப் பூங்காவிற்கு வருவதோடு, ஒரு வீட்டிற்கு விருந்தினராகவும் வருகின்றனர் எனக் கொள்ளுதல் தகும்.

எரிமலை அச்சம் கொண்டோர் ஒன்றை அறிதல் நன்று. ஆக்லாந்தின் எரிமலைகள் பொதுவாக ஒவ்வொன்றும் ஒரு காலகட்டத்தில் மட்டுமே வெடித்து அடங்குபவை. இந்நிலப்பகுதி முற்றிலும் அணைந்துவிடவில்லை. எனினும் புதிய வெடிப்பு நிகழுமாயின், அது பழைய குன்றில் அன்றி வேறோர் இடத்திலேயே நிகழக்கூடும் என்பது அறிவியலாளர் கருத்து.

நான்கு குன்றுகள்

*புக்கெட்டாபப்பா (மவுண்ட் ரொஸ்கில்), 110 மீற்றர்.* டொமினியன் வீதியின் தென்பகுதிக்கு அருகில் உள்ளது. ஏற்றம் குறைவு. முதியோரும் சிறுவரும் காலையில் நடையைத் தொடங்குவதற்கு ஏற்றது.

*டெ டாட்டுவா அ ரியூகியூட்டா (த்ரீ கிங்ஸ்), 133 மீற்றர்.* டொமினியன் வீதியில் வடக்கே வந்து, மவுண்ட் அல்பேட் வீதியில் கிழக்கே திரும்பினால் இப்பகுதியை அடையலாம். ‘மூன்று அரசர்கள்’ என்று பெயர் இருப்பினும் இன்று எஞ்சியிருப்பது ஒரு குன்று மட்டுமே. ஸ்கோரியா எனப்படும் செந்நிற எரிமலைக் கல்லுக்காக ஏனையவை அகழ்ந்தெடுக்கப்பட்டன. பல்லாயிரம் ஆண்டுகள் நின்ற மலை சில தலைமுறைகளில் மறைந்துவிடக்கூடும் என்பதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டத்தக்க இடம் இது.

*மௌங்காகியேகியே (ஒன் ட்ரீ ஹில்), 182 மீற்றர்.* மவுண்ட் அல்பேட் வீதியிலேயே தொடர்ந்து ரோயல் ஓக் சந்திக்கு வந்து, மனுகாவ் வீதி வழியாக உள்ளே செல்லலாம். உச்சியிலிருந்து நகரின் இருபுறத்துத் துறைமுகங்களையும் காணலாம். ‘ஒற்றை மரக் குன்று’ எனப் பெயர் தந்த பழைய மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெட்டப்பட்டது. அதன்பின் நின்ற பைன் மரமும் வெட்டுக் காயங்களால் பட்டுப்போகும் நிலையை அடைந்து 2000ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. 2016இல் இந்நாட்டுக்குரிய மரக்கன்றுகள் அங்கு நடப்பட்டன. அடிவாரத்திலுள்ள கோர்ன்வால் பூங்காவில் கழிப்பறைகளும், நிழல் தரும் மரங்களும், மேயும் ஆடுமாடுகளும் உள்ளன. மதிய உணவுக்கு இதுவே உகந்த இடம்.

*மௌங்காஃபௌ (மவுண்ட் ஈடன்), 196 மீற்றர்.* நான்கனுள் மிக உயர்ந்தது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லும் 16 கிலோமீற்றர் நடைபாதையின் வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றிக் கோர்ன்வால் பூங்காவிலிருந்து இங்கு வரலாம். 1836 முதல் 1842 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ஆக்லாந்துப் பிரபுவின் பட்டப்பெயரே நகரத்திற்கும், அவரது குடும்பப் பெயரான ஈடன் இம்மலைக்கும் சூட்டப்பட்டன. உச்சியில் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழமுள்ள எரிமலை வாய் உள்ளது. அதனுள் இறங்குதல் கூடாது.

நான்கையும் நடந்தே காண்பதாயின் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 12 முதல் 14 கிலோமீற்றர் ஆகும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு முழுப்பகல் ஒதுக்குதல் வேண்டும். இயலாதோர் இடைத்தொலைவைப் பேருந்தில் கடக்கலாம். சூப்பர்கோல்ட் சலுகை பதிவுசெய்யப்பட்ட ஹொப் பயண அட்டை உள்ள மூத்தோருக்கு வார நாட்களில் காலை 9 மணிக்குப் பின்னரும், வார இறுதி நாட்களிலும் பேருந்துப் பயணம் இலவசம். இரண்டு குன்றுகளோடு நிறைவு செய்து, எஞ்சியவற்றை வேறொரு நாளில் காண்பதிலும் குறையொன்றுமில்லை.

மலையில் கடைப்பிடிக்க வேண்டியவை

மாவோரி மரபில் தலை புனிதமானது. மலையின் உச்சி அதன் தலையாகக் கருதப்படுகிறது. உணவைப் புனிதத்தோடு கலப்பது அம்மரபில் பொருந்தாதது. எனவே உச்சியில் உண்பதைத் தவிர்த்து, கட்டுச்சோற்றை அடிவாரத்தில் பிரிப்பதே மரியாதை. கோயில் வாயிலில் காலணியைக் கழற்றிப் பழகிய சமூகத்திற்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

- பாதைகளையும் மரப்பலகை நடைமேடைகளையும் விட்டு விலகாதிருத்தல் வேண்டும். குறுக்கு வழியாக இறங்கும் காலடிகள் பழைய படித்தளங்களையும் சேமிப்புக் குழிகளையும் சிதைக்கின்றன.
- கற்களையோ மண்ணையோ எடுத்துச் செல்லலாகாது.
- மது அருந்துதல், புகைபிடித்தல், வாணவெடி கொளுத்துதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.
- குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

புறப்படுமுன்

மலைகள் சிறியவை என்பதால் ஆயத்தமின்றிச் செல்லுதல் தகாது. நியூசிலாந்தில் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையானது. காற்று குளிர்ந்திருக்கும்போதும் தோலைச் சுடும். தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு, குடிநீர், மழை மேலங்கி ஆகியவை அவசியம். மழைக்குப்பின் புற்சரிவு வழுக்கும். இரப்பர்ச் செருப்பைத் தவிர்த்து, பிடிமானமுள்ள மூடிய காலணி அணிதல் வேண்டும். நீரிழிவு நோயுள்ளோர் உணவைத் தாமதிக்காமலும், இனிப்பு ஏதேனும் கையில் வைத்தும் நடப்பதுடன், வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ முன்பு ஏற்பட்டிருப்பின் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே புறப்படுதல் நன்று.

உச்சிகளுக்குப் பொதுமக்களின் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. நடக்க இயலாத முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் அழைத்துச் செல்ல விரும்புவோர், வாகன அனுமதி எந்த மலையில் உண்டு என மாநகர சபையிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

உதவிக்கு

அவசர நிலையில் 111. உடல்நல ஆலோசனைக்கு 0800 611 116 என்னும் இலவச எண்ணில் தாதியருடன் எந்நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். மலைகளில் சேதமோ ஆபத்தோ கண்டால் மாநகர சபையின் 09 301 0101 என்ற எண்ணில் தெரிவித்தல் வேண்டும்.

த்ரீ கிங்ஸில் மறைந்த குன்றுகள் திரும்ப வரப்போவதில்லை. எஞ்சியுள்ளவற்றை அடுத்த தலைமுறைக்கு அவ்வாறே விட்டுச் செல்வது, அவற்றின் மீது நடக்கும் ஒவ்வொருவரின் கையிலும் காலடியிலும் உள்ளது.