தாய்ச்சி முதுமைத் தளர்ச்சிக்கு உதவுவது எப்படி?

உடல் மெலிந்து, கைப்பிடி தளர்ந்து, நடை மெதுவாகி, சீக்கிரமே களைத்துப்போவது தள்ளாமை. சிலருக்குக் கூடவே மறதியும் சேர்ந்துகொள்வது ஏன்? நடப்பது காலின் வேலை மட்டுமல்ல. எங்கே மிதிப்பது, பாரத்தை எப்போது மாற்றுவது என்று கணக்குப் போடுவது மூளை. அது தளர்ந்தால் நடையும் தடுமாறும்.

சீனப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியவர்கள் செய்யும் தாய்ச்சி என்ற மெதுவான பயிற்சி கால், மூளை இரண்டுக்கும் வேலை கொடுக்கிறது. ஓர் அடியைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்க, உடலின் பாரம் முழுவதும் வலக்காலுக்குப் போகிறது. பாரமற்ற இடக்கால் மெல்ல முன்னே வந்து, குதிகாலால் தரையைத் தொடுகிறது. அதன்பிறகே பாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. வேகம் இல்லாததால் தொடைத் தசை விடாமல் தாங்க வேண்டும். கணுக்கால் நொடிக்கு நொடி சமநிலையைத் திருத்த வேண்டும். அடுத்த அசைவையும் நினைவில் வைக்க வேண்டும். 1956இல் சீன அரசு எளிமைப்படுத்திய வரிசையிலேயே 24 நிலைகள்!

பலன் உண்டா? அமெரிக்காவின் ஓரிகனில், விழும் அபாயமுள்ள 670 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தசைகளை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் கீழே விழுவது 58 சதவீதம் குறைந்தது. இது மிகப் பெரிய பலன்.

வீட்டுப் பெரியவர்கள் தொடங்க விரும்பினால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதலில் நாற்காலியைப் பிடித்தபடி செய்யச் சொல்லுங்கள்.