கல் பவளம்: அடையாளம், பராமரிப்பு, சட்டம்

கடலின் ஒரு துண்டைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து வரவேற்பறையில் வைக்கும் ஆர்வம் நம் நகரங்களில் வளர்ந்து வருகிறது. வண்ண மீன்களோடு கல் பவளத்தையும் வாங்க எண்ணுவோர் பணம் செலுத்தும் முன் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்து அளிக்கிறோம்.

கல் பவளம் செடியன்று, கல்லுமன்று, அது விலங்கு. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல கூடி வாழும் குடியிருப்பையே நாம் பெரும்பாலும் ஒரு பவளமாகக் காண்கிறோம். ஒவ்வொரு பாலிப்பும் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன் அடியில் கடினமான கூட்டைக் கட்டுகிறது. இந்தக் கூடுகள் காலங்காலமாகப் படிந்தே முருகைக்கற் பாறைகள் உருவாயின. பாறை அமைக்கும் பவளங்களின் திசுக்களில் வாழும் நுண்பாசிகள், ஒளிச்சேர்க்கையால் தாம் ஆக்கும் உணவின் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து, பவளம் வெளிறிவிடும்.

கல் பவளத்தை எவ்வாறு அடையாளம் காண்பது? கூட்டின் மேற்பரப்பில் சிறு கிண்ணங்கள் போன்ற குழிகள் இருக்கும். அவற்றுள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மெல்லிய தகடுகள் அமைந்திருக்கும். பாலிப்பின் உணர்கொம்புகள் பொதுவாக ஆறின் மடங்காக இருக்கும். மென்பவளங்களுக்கோ இறகு போன்ற எட்டு உணர்கொம்புகளே உண்டு. நவரத்தினங்களில் ஒன்றான செம்பவளமும் இந்த எட்டுக்கொம்பு வகையைச் சேர்ந்தது, கல் பவளமன்று. மான்கொம்பு போலக் கிளைப்பது அக்ரோபோரா. அதன் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு குழி காணப்படும். நுண்குழிகள் நெருங்கிய உருண்டைப் பாறையாக வளர்வது போரைட்டஸ். மூளையின் மடிப்புகளை ஒத்தது பிளாட்டிகைரா. கவிழ்த்த காளான் குடை போலத் தனித்துக் கிடப்பது ஃபங்கியா.

இவற்றைப் பேணுவது எளிதன்று. நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் நிலைத்திருக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராமும், கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராமும் தேவை. கூடு வளர வளரக் கால்சியம் குறையுமாதலால், அடிக்கடி சோதித்து ஈடுசெய்ய வேண்டும். வலுவான ஒளியும் இடைவிடாத நீரோட்டமும் இன்றியமையாதவை. நம் கோடையில் நீண்ட மின்வெட்டு ஒன்றே தொட்டி முழுவதையும் அழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பாறை அமைக்கும் கல் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். உயிருள்ள பவளத்துக்கு மட்டுமன்றி, காய்ந்த கூட்டுக்கும் இது பொருந்தும். எனவே அந்தமானிலோ இலட்சத்தீவிலோ கரையொதுங்கிய துண்டைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வருதல் ஆகாது. ‘வெளிநாட்டுச் சரக்கு’, ‘பண்ணையில் வளர்த்தது’ என்னும் விற்பனையாளரின் வாய்ச்சொல் வாங்குபவரைக் காக்காது. இணையத்தில் செலுத்திய தொகையின் பதிவே அவருக்கு எதிரான சான்றாகவும் அமையக்கூடும்.

ஆர்வத்தைக் கைவிட வேண்டியதில்லை. வழியை மாற்றிக்கொண்டால் போதும். பிசினில் வார்த்த செயற்கைப் பவளங்களை வைத்து, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களை வளர்க்கலாம். இம்மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டில் உருவாக்கியுள்ளது. உயிருள்ள பவளத்தைக் காண விரும்புவோர் அந்தமானின் ஜாலி பாய் தீவில் கண்ணாடி அடித்தளப் படகில் செல்லலாம். குஜராத்தின் நராரா கரையில் நீர் வற்றும் வேளையில் நடந்தே காணலாம். தொடாமலும் மிதிக்காமலும் பார்த்து மகிழ்ந்து, நிழற்படத்தை மட்டும் வீட்டிற்குக் கொண்டு வருவோம். பணத்துக்கும் கடலுக்கும் அதுவே பாதுகாப்பு.