மேய்ச்சலுக்கும் உலர்புல்லுக்கும் அறுகு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணிலாப் பயிரிடுவோர் அறுகைக் களையென வெறுப்பது நியாயமே. மண்ணுள் ஒரு கணு எஞ்சினும் அது மீண்டும் தழைக்கும். ஆயினும் அக்குணமே மேய்ச்சல் நிலத்தில் நன்மையாகிறது. வறட்சியையும் மாடுகளின் மிதியையும் அறுகு தாங்கும்.

மணிலாவுக்கு உதவாத, நிழலில்லாத மேட்டுப் புன்செய்த் துண்டொன்றை ஆடியில் உழுது தொழுவுரமிடுக. ஐப்பசி மழையில், இரண்டு மூன்று கணுக்களுள்ள தண்டுகளை ஓரடி இடைவெளியில், நுனி வெளியே தெரிய நடுக. புல் நிலத்தை முழுதும் மூடிய பின்னரே மாடுகளை விடுதல் வேண்டும். கிராம மேய்ச்சற் புறம்போக்கையும் பகுதி பகுதியாக முறைவைத்து மேய்த்தலே நலம்.

மறு ஆண்டு முதல், புல் பூக்கத் தொடங்குகையில் அறுத்து, தை வெயிலில் புரட்டி உலர்த்திப் போரிடலாம். ஈரம் நின்றால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நன்குலர்ந்த போர், பசும்புல் அற்ற சித்திரை, வைகாசியில் மாடுகளைக் காக்கும். அமெரிக்காவில் ஜியார்ஜியா மாகாணத்து டிப்டனில் கிளன் பர்ட்டன் என்பார் உருவாக்கி 1943-இல் வெளிவந்த 'கோஸ்டல்' அறுகு, உலர்புல்லுக்குப் பெயர் பெற்றது. அதுவும் தண்டு நட்டே பயிரிடப்படுவது.

புல் நிலத்துக்கும் மணிலாக் கொல்லைக்கும் இடையே நடைவழி விட்டு, எல்லை தாண்டும் கொடிகளை அவ்வப்போது வெட்டி எறிக. இதில் அசட்டையாயிருந்தால், மாட்டுக்கு வந்த ஆதாயம் மணிலாவில் நஷ்டமாய் முடியும்.