சின்ன டைப்ரைட்டர் வாங்கப் போறீங்களா? ஒரு தாள் அடிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க!



பத்தாவது முடித்த பிள்ளைகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ப்பது நம்ம பக்கம் ரொம்ப நாள் வழக்கம். "வீட்டிலேயே ஒரு சின்ன மெஷின் இருந்தா பொண்ணு நல்லா பழகிக்குவாளே, குழுவில் கடன் எடுக்கலாமா?" என்று யோசிக்கும் உறுப்பினர்களுக்காக இந்தக் கட்டுரை.

புதுசு கிடைக்குமா?

மும்பையில் கோத்ரேஜ் நிறுவனம் 1955-ல் டைப்ரைட்டர் தயாரிக்கத் தொடங்கி, 2009-ல் நிறுத்திவிட்டது. ஆகவே நம் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய மெஷின்தான். பழசு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. நன்றாகப் பராமரித்த மெஷின் 40, 50 வருஷம் ஆனாலும் உழைக்கும்.

சின்னதா, பெரிசா?

வகுப்பில் இருப்பது பெரிய மெஷின். ஒரு ஆள் தூக்குவதே சிரமம். பெட்டியோடு, கைப்பிடி வைத்து வருவது சின்ன மெஷின். ஆலிவெட்டி லெட்டெரா 32 என்ற மாடல் சுமார் 6 கிலோதான் இருக்கும். ஆனால் இரண்டிலும் விரல் அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது. எனவே சின்ன மெஷின் வீட்டுப் பழக்கத்துக்கு மட்டும். வகுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் மெஷின் வாங்கிடாதீங்க. தேர்வு எந்த மெஷினில் நடக்கும் என்பதையும் வகுப்பு ஆசிரியரிடம் முதலில் கேளுங்க.

வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்?

1. விசைப்பலகை: தமிழா, இங்கிலீஷா என்று பாருங்க. இங்கிலீஷ் என்றால் மேல் வரிசை எழுத்துகள் கியூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய் என்று வரணும். சில வெளிநாட்டு மெஷின்களில் இது மாறியிருக்கும். அதில் பழகினால் விரல் கெட்டுப் போகும்.

2. தமிழ் மெஷின்: தமிழ்த் தட்டச்சை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா. புள்ளியும் எழுத்தும் ஒரே இடத்தில் விழ, அவர் 'நகரா விசை' அமைத்தார். புள்ளியை அடித்தால் மெஷின் நகரக் கூடாது. அடுத்து எழுத்தை அடித்த பிறகுதான் நகரணும்.

3. எழுத்துக் கம்பிகள்: ஒவ்வொரு விசையாக அடிங்க. கம்பி எழும்பி, உடனே கீழே விழணும். ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பழைய எண்ணெயும் தூசியும்தான், சுத்தம் செய்தால் சரியாகும். கம்பி வளைந்திருந்தால் யோசிங்க.

4. நகர்வு: ஒரு அடிக்கு ஒரு இடம்தான் நகரணும். தாவித் தாவிப் போனால் மெக்கானிக் செலவு இருக்கு.

5. ரப்பர் உருளை: நகத்தால் அழுத்திப் பாருங்க. கல் மாதிரி இறுகியிருந்தால் தாள் வழுக்கும், எழுத்து தாளைக் குத்தும்.

6. மணி: வரி முடியும் முன்னே 'டிங்' என்று அடிக்கணும்.

7. ரிப்பன்: அரை அங்குல ரிப்பன் பொதுவாகக் கிடைக்கும். மெஷினோடு வரும் பழைய ரிப்பன் சக்கரத்தைத் தூக்கிப் போடாதீங்க. புது ரிப்பனை அதில் சுற்றிக்கலாம்.

பராமரிப்பு

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் எழுத்துக் கம்பிகளில் ஊற்றாதீங்க, தூசி பிடித்து இறுகிவிடும். பழைய பல் பிரஷால் எழுத்துகளைத் துடைச்சா போதும். ஒரு தாளுக்கு இரண்டு தாளாக வைத்து அடிச்சா உருளை தேயாது. வேலை முடிந்ததும் மூடி வையுங்க.

கடன் எடுக்கலாமா?

கடன் என்றால் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்க. பிள்ளை ஏற்கெனவே வகுப்புக்குப் போகிறாளா? பக்கத்து டவுனில் மெக்கானிக் இருக்கிறாரா? ரிப்பன் கிடைக்குதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் மட்டும் யோசிக்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அந்தக் கடன் வீட்டு மூலையில் தூசி பிடித்து உட்காரும், தவணை மட்டும் மாசாமாசம் வரும்.

பழகினால் சுகம்

கரண்ட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். மின்சாரம் போன சாயங்காலமும் திண்ணையில் வைத்து அடிக்கலாம். கார்பன் தாள் வைத்தால் குடிதண்ணீர் மனுவோ, குழுத் தீர்மானமோ ஒரே அடியில் இரண்டு, மூன்று பிரதி. ஒன்றை அதிகாரியிடம் கொடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கலாம். அழிக்க முடியாது என்பதால் பிள்ளைகள் யோசித்து அடிக்கப் பழகுவாங்க. தப்பில்லாமல் ஒரு முழுத் தாளை உருவி எடுக்கும்போது வரும் சந்தோஷம் பெரியவங்களுக்கும் உண்டு. அம்மாமார்களும் உட்கார்ந்து உங்க பெயரை அடிச்சுப் பாருங்க!

விற்பவர் "நல்லா ஓடும்" என்றால், "அப்ப ஒரு தாள் கொடுங்க" என்று கேளுங்க. அந்தத் தாளைப் பார்த்த பிறகு பணம் எடுங்க.

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்க.