உறைப் புரதமும் உறையாக்கப் புரதமும்: ஒரு தொகைச்சொல்லை விரித்தல்

‘மறுசேர்க்கைக் கேப்சூல் புரதம்; ஆய்வுக்கு மட்டும்’ என ஓர் ஆய்வுக்கூடக் குப்பியின் சீட்டைத் தமிழாக்க நேரின், நாம் முதலில் அகராதியைத் தேடுவோம். இங்கே அகராதி மட்டும் போதாது, இலக்கணமும் வேண்டும். கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டத்தவர்க்கு இது தொலைதூரச் செய்தியும் அன்று.

இரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் அதுவரை அறியப்படாத ஒரு நோயைப் பற்றி 1912இல் எழுதினர். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு விலங்குகளிடையே ஒரு நோய் பரவிற்று. 1917இல் ஸ்டான்டன், வாந்திபேதி என ஐயுறப்பட்ட தமிழ் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் ஒருவரிடமிருந்து அதே நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். 1921இல் அவரும் ஃபிளெட்சரும் அந்நோய்க்கு ‘மெலியோய்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். கிரேக்கத்தில் ‘மெலிஸ்’ என்பது கழுதைக்கு வரும் நோய்; ‘எய்டோஸ்’ என்பது ஒப்புமை. பெயரில் கழுதையின் நோய் இடம்பெற்றது. தொழிலாளி நின்ற மண் இடம்பெறவில்லை. அந்நுண்ணுயிர் வாழ்வதோ ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலுமே.

இந்நுண்ணுயிர் தன்னைச் சுற்றி ஓர் உறை அணிந்துள்ளது. இலத்தீனில் ‘கேப்சுலா’ என்றால் சிறுபெட்டி. தமிழில் ‘உறை’ என்பதே போதும். வாளுக்கும் தலையணைக்கும் வழங்கும் சொல் நுண்ணுயிர்க்கும் பொருந்தும். உடலின் காவல் அணுக்கள் எளிதில் விழுங்காதவாறு உறை அதனைக் காக்கிறது.

இனி ‘உறைப் புரதம்’ என்னும் தொகையை விரிப்போம். ‘உறையினது புரதம்’ என விரித்தால் உறையே புரதத்தால் ஆனது எனப் பொருள்படும். கொள்ளைநோய் எனப்படும் பிளேக் நுண்ணுயிர்க்கு இது பொருந்தும். அதன் உறை புரதமே. மெலியோய்டோசிஸ் நுண்ணுயிரின் உறையோ சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. அங்கே புரதம் உறையைக் கட்டும் கொத்தனார். ஆகவே ‘உறையை ஆக்கும் புரதம்’ என, உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்தல் வேண்டும். ‘உறையாக்கப் புரதம்’ என்று எழுதினால் மயக்கம் நீங்கும்.

‘மறுசேர்க்கை’ என்பதிலும் இடர் உண்டு. பள்ளியில் மாணவனை மீண்டும் சேர்த்தலையும் அச்சொல் குறிக்கும். மேலும், சேர்க்கப்படுவது புரதம் அன்று. அதனை ஆக்கும் குறிப்பைத் தாங்கிய மரபணு. தோட்டத்தவர் அறிந்த ஒட்டுக்கட்டுதலை எண்ணுக. நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை வேறொரு கன்றின் தண்டில் பொருத்துவர். வேர் ஒன்று, பால் மற்றொன்றின் குணம். அதுபோல ஒரு நுண்ணுயிரின் மரபணுவை, ஆய்வுக்கூடத்தில் எளிதில் வளரும் எ.கோலி நுண்ணுயிரினுள் புகுத்தினால், அது அப்புரதத்தை மிகுதியாக ஆக்கித் தரும். ஒப்புமைக்கு எல்லையும் உண்டு: ஒட்டுமரத்தில் இரு மரத்தின் அணுக்களும் தனித்தனியே நிற்கும், இங்கோ டி.என்.ஏ. இழையே வெட்டி இணைக்கப்படுகிறது. எனவே ‘இணைமரபணுவழிப் புரதம்’ என்பது நீளமாயினும் தெளிவான பெயர் என்பது நம் கருத்து. இம்முறை 1973இல் உருவாயிற்று. 1982 முதல் நீரிழிவாளர் பெறும் மனித இன்சுலினும் இவ்வழியில் வந்ததே.

இதனால் என்ன பயன்? மெலியோய்டோசிஸ் நுண்ணுயிரை முழுதாக வளர்க்க உயர்காப்பு ஆய்வுக்கூடம் தேவை. உறையாக்கப் புரதம் ஒன்றை மட்டும் தனித்து ஆக்கினால், அதற்கு நோய் தரும் ஆற்றல் இல்லை. அதன் வடிவை ஆராய்ந்து, உறை கட்டும் வேலையைத் தடுக்கும் மருந்தைத் தேடலாம். இந்நோய்க்கு இன்னும் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இல்லை. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்னும் தொடரையும் பிழையின்றிப் பெயர்த்தல் வேண்டும்: அக்குப்பி மருந்தன்று, நோயாளிக்குத் தரத்தக்கதும் அன்று.

இந்நோய் நீரிழிவு உடையோரைக் கடுமையாகத் தாக்கும்; காய்ச்சல், நுரையீரல் அழற்சி, கல்லீரற் சீழ்க்கட்டி எனப் பல உருவில் வருவதால் காசநோய் எனத் தவறாகக் கருதப்படுதலும் உண்டு. உரிய மருந்தைப் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். ஆதலால் சேற்றில் இறங்கி உழைப்போர், காய்ச்சல் நீடிக்குமாயின், தம் வேலையையும் நீரிழிவையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுதல் நன்று. அதனைச் சொல்லவும், மருத்துவர் கூறும் விடையை விளங்கிக்கொள்ளவும் வேண்டிய சொற்களை ஆக்கித் தருதல் மொழியறிந்தோர் கடமை.