ஈஃபுட்பால் தொடரின் மாற்றமும் பயனர்களின் அதிருப்தியும்

ஈஃபுட்பால் என்பது ஜப்பானின் கோனாமி நிறுவனம் வெளியிடும் கால்பந்து நிகழ்பட ஆட்டத் தொடர் ஆகும். இத்தொடர் 2001 முதல் "புரோ எவல்யூஷன் சாக்கர்" என்ற பெயரில், சுருக்கமாக "பெஸ்" என்று உலகெங்கும் அறியப்பட்டது. ஜப்பானில் இதன் பெயர் "வின்னிங் லெவன்". 2021 சூலையில் கோனாமி பழைய பெயரைக் கைவிட்டது. ஆண்டுதோறும் விலைக்கு விற்கும் முறையையும் நிறுத்தி, இதை இலவச ஆட்டமாக மாற்றுவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று வெளியான "ஈஃபுட்பால் 2022" பயனர்களிடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

பின்னணி

இத்தொடரின் வேர் 1995-இல் பிளேஸ்டேஷன் கருவிக்கு வந்த ஜப்பானிய லீக் கால்பந்து ஆட்டத்தில் உள்ளது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இது பெரும் புகழ் பெற்றது. "சீபாஸ்" என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஷிங்கோ தகாட்சுகா அக்காலப் பதிப்புகளின் முதன்மை உருவாக்குநர்.

போட்டித் தொடரான ஃபிஃபாவிடம் லீக்குகள், அணிகளின் உரிமங்கள் மிகுதியாக இருந்தன. கோனாமியிடம் அவை குறைவு. ஆகவே பல பதிப்புகளில் லிவர்பூல் அணி "மெர்சிசைட் ரெட்" என்றும், செல்சி அணி "லண்டன் எஃப்சி" என்றும் மாற்றுப் பெயர்களில் இடம்பெற்றன. எனினும் பந்தின் இயக்கம், வீரர்களின் ஓட்டம், தாக்குதலைக் கட்டமைக்கும் விதம் ஆகியவை உண்மையான கால்பந்துக்கு நெருக்கமாக இருந்ததால் பலர் பெஸ் தொடரையே விரும்பினர்.

பயனர்களின் பற்றுக்கு இரண்டு வசதிகள் முக்கியக் காரணம்.

முதலாவது, "மாஸ்டர் லீக்". இதில் பயனர் ஓர் அணியின் மேலாளராகி, வீரர்களை வாங்கி விற்று, பல பருவங்கள் அணியை வளர்ப்பார். தொடக்கத்தில் கிடைக்கும் காஸ்டோலோ, மினாண்டா போன்ற கற்பனை வீரர்கள் திறமை குறைந்தவர்கள். அவர்களை வைத்துக்கொண்டே முன்னேற வேண்டும் என்பதுதான் இதன் சுவை.

இரண்டாவது, "திருத்த வசதி". அணிகளின் பெயர், சீருடை, சின்னம் ஆகியவற்றைப் பயனர்களே உண்மையானவையாக மாற்றிக்கொள்ளலாம். இவ்வாறு திருத்திய கோப்புகளை ஆர்வலர்கள் தயாரித்து இலவசமாகப் பகிர்ந்தனர். உரிமக் குறையை நிறுவனம் அல்ல, பயனர்களே ஈடுசெய்தனர் எனலாம். அதனால் இத்தொடர் தங்களுக்கும் உரியது என்ற உணர்வு அவர்களிடம் வளர்ந்தது.

எஞ்சின் மாற்றங்களும் இழப்புகளும்

ஆட்டத்தின் காட்சிகளையும் இயக்கத்தையும் கையாளும் அடிப்படை மென்பொருள் "எஞ்சின்" எனப்படும். எஞ்சின் மாறும்போது பழைய வசதிகளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். நேரம் போதாதபோது சில வசதிகள் விடுபடுகின்றன. பெஸ் 2014 "ஃபாக்ஸ் எஞ்சின்"-க்கு மாறியபோது மழையில் ஆடும் வசதியும் மைதானத்தை வடிவமைக்கும் வசதியும் இல்லாமல் வெளிவந்தது.

2020-இல் கோனாமி, அடுத்த தலைமுறைக்காக "அன்ரியல் எஞ்சின்"-க்கு மாறுவதாக அறிவித்தது. அதற்கு நேரம் தேவை என்பதால், பெஸ் 2021 முந்தைய பதிப்பின் புதுப்பிப்பாக மட்டும் குறைந்த விலையில் வந்தது. ஓராண்டு பொறுத்தால் சிறந்த ஆட்டம் கிடைக்கும் என்று பயனர்கள் எதிர்பார்த்தனர். பின்னர் எழுந்த சினத்திற்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம்.

2021 வெளியீடு

ஈஃபுட்பால் 2022 வெளியானபோது அதில் பார்சிலோனா, பேயர்ன் மியூனிக், யுவென்டசு, மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் உள்ளிட்ட ஒன்பது அணிகளே இருந்தன. மாஸ்டர் லீக் இல்லை; திருத்த வசதியும் இல்லை. வீரர்களின் முகங்கள் உருக்குலைந்து தோன்றின. பந்து, வீரர்களின் அசைவுகளில் பிழைகள் மலிந்திருந்தன. இவற்றின் படங்கள் இணையத்தில் கேலிப்பொருளாகப் பரவின. ஸ்டீம் தளத்தில் மிகக் குறைந்த மதிப்பீடு பெற்ற ஆட்டங்களுள் ஒன்றாக இது ஆனது.

வெளியீட்டிற்கு அடுத்த நாளே கோனாமி மன்னிப்புக் கோரி, திருத்தங்கள் செய்வதாக உறுதியளித்தது. நவம்பரில் வரவிருந்த பெரிய புதுப்பிப்பு தள்ளிவைக்கப்பட்டது. முன்பதிவு செய்யப்பட்ட கட்டணத் தொகுப்புக்கான பணம் திருப்பித் தரப்பட்டது. 1.0 பதிப்பு 2022 ஏப்ரல் 14 அன்று வெளியானது. ஆட்டத்தின் இயக்கம் அதில் கணிசமாக மேம்பட்டிருந்தது.

அதிருப்தியின் அடிப்படை

பிழைகள் திருத்தப்பட்ட பிறகும் நீண்டகாலப் பயனர்களின் குறை தீரவில்லை. அவர்களின் எதிர்ப்பு பிழைகளைவிட, தொடர் செல்லும் திசையைப் பற்றியது.

விலைக்கு விற்கும் ஆட்டத்தில் பயனர் ஒருமுறை பணம் கொடுத்து, தன் விருப்பம்போல் ஆடலாம். இலவச ஆட்டத்திலோ வருமானம் தொடர் செலவிலிருந்து வர வேண்டும். ஈஃபுட்பாலின் மையமான "டிரீம் டீம்" பகுதியில் ஆட்டத்துக்குள் பயன்படும் நாணயங்களைக் கொண்டு வீரர்களைப் பெறலாம். சிறப்பு வீரர்கள் பெரும்பாலும் குலுக்கல் முறையில் கிடைக்கின்றனர். தனியாக, இணைய இணைப்பின்றி, பல பருவங்கள் ஓர் அணியை வளர்த்து மகிழ்ந்தவருக்கு இதில் இடம் குறைவு. மாஸ்டர் லீக் பின்னர் கட்டண இணைப்பாக வரும் என்று கூறப்பட்டது. அது 2023-இலும் வரவில்லை.

நிறுவனத்தின் நிலைப்பாடு

கோனாமியின் முடிவுக்கும் வணிகக் காரணங்கள் உண்டு. விற்பனையில் ஃபிஃபா தொடர் மிகவும் முந்திச் சென்றிருந்தது. 2018-இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் உரிமமும் கோனாமியிடமிருந்து அத்தொடருக்குச் சென்றது. மறுபுறம், கைப்பேசியில் கோனாமியின் கால்பந்து ஆட்டத்துக்குப் பல கோடிப் பதிவிறக்கங்கள் இருந்தன. ஆகவே ஒரே அடித்தளத்தில் கைப்பேசி, கணினி, விளையாட்டுக் கருவி ஆகிய அனைத்துக்கும் இலவச ஆட்டம் தருவதே அதன் திட்டம். விலை கொடுத்து வாங்க இயலாத இளைஞர்களுக்கு இது பயனளித்தது. 2024-இல் ஃபிஃபா அமைப்பே தன் மின்விளையாட்டு உலகக் கோப்பைக்குக் கோனாமியுடன் இணைந்தது.

இன்றைய நிலை

பழைய பயனர்கள் பலர் பெஸ் 6, பெஸ் 2013, பெஸ் 2021 ஆகியவற்றைக் கணினியில் இன்றும் ஆடுகின்றனர். ஆர்வலர்கள் அவற்றுக்குப் புதிய அணிகளையும் சீருடைகளையும் உருவாக்கித் தருகின்றனர். புதிய பயனர்களின் எண்ணிக்கையால் மட்டும் ஒரு தொடரின் வெற்றியை அளக்க முடியுமா, அதை வளர்த்தவர்கள் விரும்பிய வசதிகளைக் காப்பதும் உருவாக்குநரின் கடமையா என்ற கேள்வியை ஈஃபுட்பாலின் வரலாறு எழுப்புகிறது.